பங்கு பிரியட்டும், கழனி பிரிய வேண்டாம்

எங்கள் பக்கத்தில் பாகப்பிரிவினை என்றால் முதலில் வருவது அளவைச் சங்கிலி, அடுத்து வருவது பத்திர எழுத்தர். எத்தனை சென்ட், கிணற்றில் எத்தனை பாத்தியம், வண்டிப்பாதை யார் பக்கம், வரப்பில் நிற்கும் பனைமரம் யாருக்கு என்பது வரை மணிக்கணக்கில் பேசுவார்கள். அந்த நிலத்தின் மண் எந்த நிலையில் இருக்கிறது, அதை அந்த நிலைக்குக் கொண்டுவர எத்தனை ஆண்டுகள் ஆயின, பிரித்த பிறகு அந்த நிலை நீடிக்குமா என்ற பேச்சு மட்டும் எழுவதே இல்லை. என் தம்பி ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளாக ரசாயன உரமும் பூச்சிமருந்தும் இல்லாமல் பயிர் செய்துவரும் 6 ஏக்கர் 25 சென்ட் நிலத்தை அடுத்த தலைமுறைக்கு எப்படிக் கொடுப்பது என்று எங்கள் வீட்டில் சில காலமாகப் பேசிவருகிறோம். நான் அந்த வீட்டின் இளைய மகள். உரிமையை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் பிரித்து எழுதலாம், ஆனால் சாகுபடியைப் பிரிக்கக் கூடாது என்ற முடிவுக்கு நான் வந்திருக்கிறேன்.

நிலம் வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தை ஒட்டி இருக்கிறது. ஏரிப்பாசனத்தில் ஒரு துண்டுக் கழனி, கிணற்றை ஒட்டி இரண்டு ஏக்கர் கொல்லை, அதற்கு மேலே மானாவாரியாக ஒரு மேட்டுக் கொல்லை என மூன்று இடங்களாகப் பிரிந்து கிடக்கிறது. இந்த மாவட்டத்தில் ஆண்டு மழை ஆயிரம் மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்கிறது. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் அதில் பெரும்பகுதியைப் பகிர்ந்துகொள்கின்றன. கேட்பதற்கு இது போதுமான மழைதான். ஆனால் பெய்வது சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். கோடையில் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும், பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும், பல குறுவட்டங்களில் நிலத்தடி நீர் அளவுக்கு மேல் உறிஞ்சப்பட்டுவிட்டது. ஆகவே இங்கே வேளாண்மை என்பது கொட்டும் மழையை மண்ணுக்குள் நிறுத்திவைக்கும் வேலையாகத்தான் இருக்க முடியும்.

தம்பி செய்தது அந்த வேலையைத்தான். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் பேச்சைக் கேட்டு மாறிய பலரில் அவனும் ஒருவன். தானியம், பயறு, எண்ணெய் வித்து, தழையுர விதை எல்லாவற்றையும் கலந்து பலதானியமாக விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதான். ஏரி வண்டலை வண்டி வண்டியாக அடித்துப் பரப்பினான். வேர்க்கடலையில் துவரையையும் காராமணியையும் ஊடுபயிராக நிறுத்தினான், மேட்டுக் கொல்லையில் சாமையும் கொள்ளும் போட்டான், கிணற்றடியில் இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் வைத்தான். அந்தக் கத்திரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகுதான் வெளியூர்க்காரர்கள் அதைத் தேடி வருகிறார்கள், நாங்கள் அதற்கு முன்பிருந்தே அதைத் தின்று வளர்ந்தவர்கள். முதல் சில ஆண்டுகள் விளைச்சல் குறைந்தது, ஊர் சிரித்தது. இப்போது ஐப்பசியில் பெருமழை அடித்தாலும் அவன் கொல்லையில் தண்ணீர் தேங்கி நிற்பதில்லை, வழிந்து ஓடுவதுமில்லை. பக்கத்து நிலத்தில் வெயிலுக்குப் பயிர் வாடிய பிறகும் அவன் பயிர் ஒரு வாரமாவது தாக்குப்பிடிக்கும். அதை அடைய வெகுகாலம் ஆனது. கெடுக்க இரண்டு போகம் போதும்.

பிரித்தால் என்ன ஆகும் என்று நாங்கள் ஊகிக்க வேண்டியதில்லை. 1983-இல் தாத்தாவின் நிலத்தை அப்பாவும் இரண்டு சித்தப்பாக்களும் பிரித்துக்கொண்டது கண் முன்னால் கிடக்கிறது. ஒருவருக்கும் குறைவு வரக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு துண்டையும் நீளவாக்கில் மூன்று பட்டையாகப் போட்டார்கள். எல்லாப் பட்டையும் வாய்க்காலைத் தொட வேண்டும், ஆகவே பட்டைகள் மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கி இறங்கின. நியாயமாகத்தான் செய்தார்கள், அதில் யார் மேலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வரப்பு சரிவோடு ஓடினால் உழவும் சரிவோடுதான் ஓடும். உழவுச்சால் ஒவ்வொன்றும் ஒரு சிறு ஓடையாகி மேல்மண்ணை அடித்துக்கொண்டு போகும். சரிவுக்குக் குறுக்கே வரப்புப் போட வேண்டும் என்பது மண்ணைக் காப்பதில் முதல் பாடம். நீளப்பட்டையாகப் பிரித்த கொல்லையில், மூன்று வீட்டாரும் சேராமல் அதைச் செய்ய முடியாது.

இப்போது கிணற்றடி இரண்டு ஏக்கரை அண்ணன், அக்கா, நான், தம்பி என எங்கள் நால்வருக்கும் அதே போலப் பிரித்தால் என்ன மிஞ்சும் என்று ஒரு நாள் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். அது சதுரமான நிலம் என்று வைத்துக்கொண்டால் பக்கத்துக்கு 295 அடி. நான்கு பட்டையாக்கினால் ஒவ்வொன்றும் 74 அடி அகலம். மூன்று புது வரப்புகள், மூன்றடி அகலம் என்று எடுத்தாலே ஆறு சென்ட் வரப்புக்குப் போய்விடும். அதைக்கூட விடலாம், வரப்பில் ஆமணக்கு வைத்துக்கொள்ளலாம். நடுவில் உள்ள பட்டைக்காரர் இயற்கை வழியில் பயிர் செய்து, இருபுறமும் உள்ளவர்கள் மருந்து அடித்தால் நடுப்பட்டைக்காரர் என்ன செய்வார்? காற்றில் வரும் மருந்துக்காகப் பக்கத்துக்குப் பத்தடி மட்டும் விட்டு வைத்தால்கூட அவருடைய அகலத்தில் கால் பங்குக்கு மேல் தரிசாகும். இயற்கை விளைபொருளுக்கான பங்கேற்பு உத்தரவாதச் சான்றிதழுக்குக் குறைந்தது ஐந்து விவசாயிகள் ஒரு குழுவாகச் சேர வேண்டும். ஓராண்டுப் பயிர்களுக்கு இரண்டு ஆண்டுகளும் மரப்பயிர்களுக்கு மூன்று ஆண்டுகளும் ரசாயனத்திலிருந்து மாறும் காலமாகக் காத்திருக்க வேண்டும். பங்கு வாங்கிய ஒருவர் ஒரே ஒரு போகம் களைக்கொல்லி அடித்தால் அந்தப் பட்டைக்கு அந்தக் கணக்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் அல்ல. 2010–11 வேளாண் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சராசரி நில அளவு 0.80 ஹெக்டேர், 2015–16-இல் அது 0.75 ஹெக்டேராகக் குறைந்துவிட்டது. இரண்டு ஏக்கருக்கும் குறைவான இந்தச் சராசரியை நான்கு பிள்ளைகளுக்கு வெட்டினால் ஆளுக்கு அரை ஏக்கர்கூடத் தேறாது. அரசின் உதவிகளும் தனிப்பட்டாவை நோக்கியே தள்ளுகின்றன. ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமர் கிசான் திட்டமானாலும், கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனானாலும், சொட்டுநீர் மானியமானாலும், சிட்டாவில் தன் பெயர் தனியாக இருப்பவருக்கு வேலை சுலபமாக முடிகிறது. கூட்டுப் பட்டாக்காரர் மற்றவர்களின் சம்மதக் கடிதத்தோடு அலைய வேண்டியிருக்கிறது. ஆகவே சேர்ந்து உழலாம் என்று நினைக்கும் அண்ணன் தம்பிகள்கூடக் காகிதத்துக்காகப் பிரிகிறார்கள். காகிதத்தில் பிரிந்தது கொஞ்ச நாளில் வரப்பாகவும் முளைத்துவிடுகிறது.

சட்டத்தைப் பற்றிப் பேசாமல் இதை மேலே கொண்டுபோக முடியாது, ஏனென்றால் யாருக்கு எவ்வளவு என்பதிலேயே பல வீடுகள் தவறான கணக்கோடு உட்காருகின்றன. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பால் பங்கு உண்டு. ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே திருமணமானவர்களுக்கு அது பொருந்தாது என்று மாநிலச் சட்டம் விலக்கியது. என் அக்காவை ஆரணியில் கட்டிக்கொடுத்தது 1988-இல். ஆகவே பல ஆண்டுகள் எங்கள் வீட்டில் சின்ன மகளுக்குப் பங்கு உண்டு, பெரிய மகளுக்கு இல்லை என்ற விசித்திரமான நிலை இருந்தது. 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தை 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது: மகளின் உரிமை பிறப்பால் வருவது, தந்தை இருந்தாரா இல்லையா என்ற கேள்வி அதற்குத் தேவையில்லை. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாக நடந்த பிரிவினைகளை மட்டும் கலைக்க முடியாது. வாய்மொழியாகப் பிரித்தோம், கூர்ச்சீட்டு (பதிவு செய்யாத பங்குச் சீட்டு) எழுதி வைத்தோம் என்று சொல்வதை நீதிமன்றம் எளிதில் ஏற்காது, பதிவான பத்திரமோ நீதிமன்றத் தீர்ப்போ வேண்டும் என்பதுதான் விதி. எங்கள் ஊரில் பாதி நிலம் கூர்ச்சீட்டில்தான் நிற்கிறது என்பதை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும்.

எங்கள் நிலம் பூர்வீகம். அப்பாவும் நாங்கள் நால்வரும் ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு. அப்பா ஒன்றும் எழுதி வைக்காமல் காலமானால், அவருடைய ஐந்தில் ஒரு பங்கு அம்மாவுக்கும் எங்கள் நால்வருக்கும் மறுபடியும் ஐந்தாகப் பிரியும். அதாவது அம்மாவுக்குக் கிடைப்பது மொத்தத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. 6 ஏக்கர் 25 சென்ட்டில் அது 25 சென்ட். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் 1 ஏக்கர் 50 சென்ட். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த நிலத்தில் நாற்று நட்டு, களை எடுத்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, விதையைச் சாம்பலில் புரட்டிப் பானையில் காத்து வைத்த அம்மாவுக்கு 25 சென்ட்! இதுவே அப்பாவின் சுயசம்பாத்தியமாக இருந்தால் ஐவருக்கும் சமமாக 1 ஏக்கர் 25 சென்ட் வந்திருக்கும். வழக்கறிஞர் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியபோது அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அவளுக்கு மொதல்ல எழுதுங்க, மீதிய அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். பூர்வீகச் சொத்தில் தன் பங்கை ஒருவர் உயிலாக எழுதச் சட்டம் இடம் கொடுக்கிறது. அப்படியே அவருடைய 1 ஏக்கர் 25 சென்ட்டும் அம்மாவுக்கு என்று இரண்டு சாட்சிகளோடு எழுதிப் பதிவும் செய்தாயிற்று. உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிற்பாடு வரும் சண்டையை நினைத்துச் செய்துகொள்வது நல்லது.

அடுத்து விடுதலைப் பத்திரம், அதாவது தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் பத்திரம். எங்கள் பக்கத்தில் அப்பா இறந்து காரியம் முடிந்த சில மாதங்களில் மகள்களை சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப்போய்க் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். புடவை ஒன்று, கொஞ்சம் பணம், “சீர் செஞ்சாச்சில்ல, பொறந்த வீடு ஒனக்கு வேணுமில்ல?” என்ற ஒரு கேள்வி. கழனியை உடைக்காமல் காப்பதற்கு இதுதான் வழி என்று நல்ல மனிதர்கள்கூட வாதிடுகிறார்கள். இயற்கை விவசாயக் கூட்டங்களிலும் நான் இதைக் கேட்டிருக்கிறேன். மண்ணைச் சுரண்டாதே என்று மேடையில் பேசிவிட்டு, அந்த மண்ணை ஒன்றாக வைத்திருக்கும் செலவை மட்டும் பெண்கள் தலையில் கட்டுவது எனக்கு ஒப்பவில்லை. மகள் தன் பங்கை விட்டுக்கொடுத்தால் நிலம் உடையாது என்பது உண்மை. மகன் விட்டுக்கொடுத்தாலும் உடையாது. அதை ஏன் யாரும் கேட்பதில்லை?

நானும் அக்காவும் கையெழுத்துப் போட மறுத்தோம், அதே மூச்சில் பட்டை போட்டுப் பிரிக்கவும் மறுத்தோம். அண்ணனுக்கு இது புரியவில்லை. அவர் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் இருக்கிறார். “பங்கும் வேணும், பிரிக்கவும் கூடாதுன்னா இன்னா அர்த்தம்?” என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு விடை தேடித்தான் மாதக்கணக்கில் அலைந்தோம்.

முதலில் குத்தகையை யோசித்தோம்: நால்வரும் தனித்தனியாகப் பங்கை எழுதிக்கொண்டு, எல்லாரும் தம்பிக்கே குத்தகைக்கு விடுவது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும். பதிவு என்றதுமே பலருக்கு 1955-ஆம் ஆண்டு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் நினைவுக்கு வந்து வயிற்றைக் கலக்குகிறது. சொந்த உழைப்பைப் போடும் குத்தகைதாரரை எளிதில் வெளியேற்ற முடியாது என்பது அந்தச் சட்டத்தின் சாரம். அது வந்த காலத்தில் மிகவும் தேவையான சட்டம், இன்றைக்கும் பல இடங்களில் தேவைதான். ஆனால் அதற்குப் பயந்து நிலக்காரர்கள் எழுத்தில் எதையும் தருவதில்லை. வாய்மொழியாக வாரத்துக்கோ (விளைச்சலில் ஒரு பங்குக்கு) குத்தகைக்கோ விட்டு, ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை ஆளை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். அடுத்த ஆண்டு தன் கையில் இருக்குமா என்று தெரியாத நிலத்தில் யார் வண்டல் அடிப்பார்கள்? யார் மரம் வைப்பார்கள்? வாய்மொழிக் குத்தகையில் இருப்பவருக்குப் பயிர்க்கடனும் இல்லை, வெள்ள நிவாரணமும் இல்லை, மண்ணைப் பேணுவதற்குக் காரணமும் இல்லை. யூரியாவைப் போட்டு இந்தப் போகத்தில் எடுக்கக்கூடியதை எடுத்துக்கொள்வதுதான் அவருக்குப் புத்திசாலித்தனம்.

ஆகவே எங்கள் வழக்கறிஞர் வேறொரு வழியைக் காட்டினார். நிலத்தை உட்பிரிவு செய்யாமல், யாருக்கு எத்தனை பங்கு என்பதை மட்டும் தெளிவாக எழுதிப் பதிவு செய்துகொள்வது. பட்டா கூட்டாகவே இருக்கும். கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் நிலத்தை அனுபவித்து வந்தால் அது எல்லாருக்காகவும் அனுபவிப்பதாகவே சட்டம் கருதும் என்பதால், தம்பி உழுவதாலேயே எங்கள் உரிமை கரைந்துபோகாது. குடும்பத்துக்குள் எழுதும் பாகப்பிரிவினை, செட்டில்மெண்ட், விடுதலைப் பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் உச்சவரம்போடு சலுகையாகவே இருக்கின்றன. 2023 ஜூலையில் உயர்த்திய பிறகும் உச்சவரம்பு முறையே 40,000 ரூபாயும் 10,000 ரூபாயும்தான். அதோடு, சாகுபடியை நடத்துவது பற்றித் தனியாக ஓர் ஒப்பந்தம். இந்த இரண்டாவது காகிதம்தான் எங்களை அதிகம் வேலை வாங்கியது.

தண்ணீர் சுலபமாக முடிந்தது. நிலம் ஒன்றாகவே இருப்பதால் எங்களுக்குள் முறை தேவையில்லை, சித்தப்பா வீடுகளோடு உள்ள பழைய முறை மட்டும் தொடரும். கிணற்று மின் இணைப்பு ஒரே பெயரில் இருக்கிறது, அதை அப்பா காலத்துக்குப் பிறகு யார் பெயருக்கு மாற்றுவது, மற்றவர்கள் ஆட்சேபிக்காமல் எப்படிச் சம்மதம் தருவது என்பதை எழுதினோம். புது ஆழ்துளைக் கிணறு போடுவதானால் நால்வரும் ஒப்ப வேண்டும்.

வருமானப் பேச்சு கசந்தது. தம்பிக்குக் கூலி உண்டா என்று அண்ணன் கேட்டார். “ஒன் நெலத்துலயும்தான ஒழைக்கிற, அதுக்குக் கூலி எதுக்கு?” அக்காதான் குறுக்கிட்டாள்: “அவன் இல்லன்னா ஆள் வெச்சிதான் செய்யணும், அந்த ஆளுக்குத் துட்டு குடுப்பியா மாட்டியா?” ஊரில் நடப்பில் உள்ள தினக்கூலியை அடிப்படையாக வைத்து, தம்பிக்கும் அவன் மனைவிக்கும் ஒரே அளவில் கூலி முதலில் போகும் என்று முடிந்தது. மனைவி பெயரும் எழுத்தில் வர வேண்டும் என்பதில் நான் விடாப்பிடியாக இருந்தேன். செலவு போக மிஞ்சுவதில் மூன்றில் ஒரு பங்கு நிலத்துக்கே: வண்டல், வேலி, மோட்டார் பழுது, மழை பொய்த்த ஆண்டின் பள்ளம். மற்றது பங்கு விகிதப்படி. நடைமுறையில் நாங்கள் மூவரும் எடுத்துக்கொள்வது அரிசி, கடலை எண்ணெய், துவரை, மாங்காய். பணமாகப் பார்த்தால் பெரிய தொகை இல்லை. இதை மறைத்துப் பேசுபவர்களை நம்பக் கூடாது: ஆறே கால் ஏக்கர் நான்கு குடும்பத்தைப் பிழைக்க வைக்காது. அது ஒரு குடும்பத்தைப் பிழைக்க வைத்து மற்ற மூவருக்கும் சாப்பாட்டுப் பண்டம் தரும். இதை ஒப்புக்கொண்டால்தான் மேலே பேச முடியும்.

தம்பியின் உழைப்பால் ஏறிய மண்ணின் மதிப்பை என்ன செய்வது? அரசின் வழிகாட்டி மதிப்பில் களர் ஏறிய நிலமும் அவனுடைய நிலமும் ஒன்றுதான். சந்தையிலும் அப்படியே, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதற்குத்தான் விலை, மண்புழுவுக்கு யாரும் விலை கொடுப்பதில்லை. நாங்கள் கண்ட வழி மரங்கள். அவன் வைத்த மகோகனி, வேம்பு, தேக்கு எல்லாவற்றையும் எந்தக் கரையில் எத்தனை என்று பட்டியல் போட்டோம். அவற்றின் வெட்டு உரிமை அவனுக்கும் அவன் மனைவிக்கும், நிலத்தின் பங்கில் அது சேராது. மாமரங்கள் பொது. முழுமையான ஈடு அது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பதினைந்து ஆண்டு உழைப்புக்குப் பூஜ்யம் என்று எழுதுவதைக் காட்டிலும் மேல்.

விற்பதைப் பற்றி எழுதும்போதுதான் வீட்டில் குரல் உயர்ந்தது. கூட்டு உரிமையாளர் எவரும் எப்போது வேண்டுமானாலும் பிரிவினை கேட்கலாம், அதைத் தடுக்க முடியாது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, வாரிசுகளில் ஒருவர் தன் பங்கை விற்க நினைத்தால் மற்ற வாரிசுகளுக்கு முன்னுரிமை தருகிறது. அது விவசாய நிலத்துக்கும் பொருந்தும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அது உயில் இல்லாமல் வாரிசுரிமையாக வந்த சொத்துக்கான பாதுகாப்பு. பத்திரத்தின் மூலம் வந்த பங்குக்கு அதை நம்பி இருக்க முடியாது என்று வழக்கறிஞர் எச்சரித்ததால், அதே முன்னுரிமையை ஒப்பந்தத்திலும் எழுதினோம். விலை என்ன? அண்ணன் சந்தை விலை என்றார். அந்த விலைக்குத் தம்பியால் ஒரு சென்ட்கூட வாங்க முடியாது, ஏனென்றால் அது மனைப்பிரிவுக்காரர் கொடுக்கும் விலை, கடலை போட்டு மீட்க முடியாத விலை. வழிகாட்டி மதிப்பு என்றால் விற்பவருக்கு நஷ்டம். கடைசியில் இரண்டுக்கும் நடுவில் ஒரு தொகையை, ஐந்து ஆண்டுத் தவணையில் என்று நிறுத்தியிருக்கிறோம். அண்ணன் அரைமனதோடுதான் தலையாட்டினார். அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், கல்லூரிக் கட்டணம் இருக்கிறது. அவரை வில்லனாக்க எனக்கு விருப்பமில்லை.

இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் எதிர்பாராத பக்கத்திலிருந்து ஒன்று நடந்தது. மேட்டுக் கொல்லையில் எங்கள் பட்டைக்கு இரு புறமும் உள்ளவை சித்தப்பா வீட்டுப் பங்காளிகளுடையவை. ஒருவர் ஓசூரில் இருக்கிறார், இன்னொருவர் வீட்டில் விவசாயம் செய்ய ஆள் இல்லை. இரண்டும் சீமைக்கருவேலம் ஏறித் தரிசாகக் கிடந்தன. மூன்று பட்டையையும் சேர்த்துச் சரிவுக்குக் குறுக்கே வரப்புப் போட்டால் மூவருக்கும் மழைநீர் நிற்கும் என்று தம்பி சொன்னான். “வரப்ப எடுத்துட்டா எல்ல போயிடுமே” என்பதுதான் முதல் மறுப்பு. 1983-இல் ஒவ்வொரு அடிக்கும் வாதாடியவர்களின் பிள்ளைகள் அல்லவா? ஆனால் எல்லை வரப்பில் இல்லை, அது நில அளவைத் துறையின் புலப்படத்தில் இருக்கிறது. உட்பிரிவுக் கற்கள் அதனதன் இடத்தில் நிற்கின்றன, நாளைக்கே யாருக்கு வேண்டுமானாலும் அளந்து காட்ட முடியும். நில அளவரை அழைத்து மூன்று வீட்டார் முன்னிலையில் கற்களைச் சரிபார்த்து, இல்லாத இடத்தில் புதுக்கல் நட்டு, அதன் பிறகு நாற்பது ஆண்டுப் பழைய நீள வரப்புகளை உடைத்தோம். குறுக்கு வரப்புகள் போட்டோம், மேல்கோடியில் ஒரு பண்ணைக்குட்டை வெட்டினோம். விளைச்சலில் பங்காளிகளுக்கு ஒரு பங்கு போகிறது. பட்டாவில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. சொந்த அண்ணன் தம்பிக்குள் முடியாத ஒன்று பங்காளிகளோடு இவ்வளவு சுலபமாக முடிந்ததை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். அவர்களுக்கு அந்த நிலத்தின் மேல் கோபமும் இல்லை, பெரிய ஆசையும் இல்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

எங்கள் பேச்சுகளில் ஒருவருடைய பெயர் வரவே இல்லை என்பதை அம்மாதான் சுட்டிக்காட்டினார். அம்மாவோடு சேர்ந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த நிலத்தில் வேலை செய்த, காலனிப் பக்கத்தைச் சேர்ந்த ஓர் அம்மாள். எந்தச் சாமை எந்தக் கார்த்தியில் (நட்சத்திரக் காலத்தில்) விதைக்க வேண்டும், எந்த மூலையில் கோரை முதலில் வரும் என்பது தம்பியைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். வாரிசு என்ற கணக்கில் அவருக்கு ஓர் இடமும் கிடையாது, அவர் பெயரில் ஒரு சென்ட் நிலமும் கிடையாது. வட ஆர்க்காட்டில் நிலம் யார் கையில் இருந்தது, அதில் உழைத்தது யார் என்ற பழைய கணக்கை ஒரு குடும்ப ஒப்பந்தத்தால் சரி செய்துவிட முடியாது. இயற்கை விவசாயம் என்று நெஞ்சு நிமிர்த்தும் பல பண்ணைகள் இந்தக் கேள்வியைத் தொடுவதே இல்லை என்பதும் உண்மை. கிணற்றடியில் அரை ஏக்கரை அவரும் அவர் மகளும் தங்கள் கணக்கில் கத்திரியும் கீரையும் போட்டுக்கொள்ள, நில வாடகை இல்லாமல், எழுத்து மூலமாகவே விட வேண்டும் என்று அம்மா கேட்டார். அந்த உரிமை தன் காலத்துக்குப் பிறகும் நீடிக்க வேண்டும் என்றும் சொன்னார். 1955 சட்டத்தின் பயம் அப்போது மறுபடியும் மேசைக்கு வந்தது. அண்ணன் மட்டும் அல்ல, தம்பியும் தயங்கினான். அம்மாவுக்குக் கிடைக்கப்போகும் 1 ஏக்கர் 25 சென்ட்டின் மேல் அவர் என்ன எழுத நினைக்கிறாரோ அதை எழுதலாம் என்ற இடத்தில் அது நிற்கிறது.

வாரிசு என்றால் பங்குக்கு உரியவர் என்று மட்டும் நினைத்தால் பட்டியல் நீளமாக இருக்கிறது. அடுத்து உழப்போவது யார் என்று கேட்டால் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடுகிறது. அண்ணன் பிள்ளைகளுக்குச் சென்னைதான் ஊர். என் மகன் விடுமுறைக்கு வந்தால் கிணற்றில் குதிப்பதோடு சரி. தம்பியின் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறாள், மாட்டை அவள்தான் கறக்கிறாள், ஆனால் படித்து முடித்த பிறகு என்ன நினைப்பாள் என்று இப்போதே அவள் மேல் பாரம் ஏற்ற யாருக்கும் உரிமை இல்லை. ஆகவே ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு சேர்த்தோம்: தம்பியால் முடியாமல் போகும் காலத்தில் குடும்பத்துக்குள் யாரும் முன்வராவிட்டால், வெளியிலிருந்து நிலமில்லாத ஒருவரை, குறைந்தது ஆறு ஆண்டுகளுக்கு, பதிவு செய்த ஒப்பந்தத்தோடு சாகுபடிக்கு அமர்த்த வேண்டும், முதல் இரண்டு ஆண்டுகள் தம்பி கூடவே இருக்க வேண்டும், ரசாயனம் கூடாது என்ற நிபந்தனை தொடர வேண்டும். ஆறு ஆண்டு என்றதற்குக் காரணம், மண்ணில் போட்டது திரும்பக் கைக்கு வர அவ்வளவு காலமாவது ஆகும் என்பதைத் தம்பி நேரில் கண்டது. விதை, விதைப்புத் தேதி, மழை, எந்தத் துண்டில் எந்தப் பயிருக்குப் பின் எந்தப் பயிர் என்பதை அவன் இப்போது ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகிறான். தன் கையெழுத்து தனக்கே புரியவில்லை என்று மகளிடம் கொடுத்து அழகாக எழுதச் சொல்கிறான்.

இன்னும் இரண்டு விஷயங்கள் முடியவில்லை. நிலத்தில் வீடு கட்டிக்கொள்ள ஒவ்வொருவருக்கும் ஐந்து சென்ட் என்று அண்ணன் கேட்கிறார். அப்படிக் கொடுத்தால் சாலையோரத்தில், களத்துமேட்டை ஒட்டி, நால்வருக்கும் சேர்த்து ஒரே இடத்தில் இருபது சென்ட் ஒதுக்க வேண்டும், கழனிக்குள் ஆங்காங்கே வீடு எழும்பக் கூடாது என்பது என் வாதம். அக்காவுக்கு அது சம்மதம், தம்பிக்குக் களத்துமேடு குறுகுவதில் வருத்தம். அடுத்தது ஒப்பந்தத்தை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப உட்கார்ந்து பார்ப்பது என்பது. அண்ணன் மூன்று ஆண்டு என்கிறார், தம்பி பத்து என்கிறான். வழக்கறிஞரிடம் வரைவு இருக்கிறது. பொங்கலுக்கு எல்லாரும் ஊரில் இருப்போம் என்பதால் அதற்குள் திருத்தம் சொல்லச் சொல்லியிருக்கிறார். அப்பா அதற்கு முன்பாகவே கிணற்று மின் இணைப்பின் பெயர் மாற்ற விண்ணப்பத்தை வாங்கிவரச் சொல்லியிருக்கிறார்.